ஒரு ரோசலின், இரண்டு கடிதங்கள்

அந்த விண்ணப்பத்தில் ரோசலினைத் திணறடித்தது ஏழாவது கேள்வி ஒன்றுதான். சொந்த மாநிலம் எது?

மற்றதெல்லாம் மளமளவென்று எழுதிவிட்டாள். மலேரியாவைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை கேட்டிருந்தார்கள். ஆறு பக்கம் வந்தது. வராமல் இருக்குமா? போர்ட் பிளேர் மலேரியா ஒழிப்புப் பிரிவில் மூன்று வருஷமாக மைக்ராஸ்கோப்பே கதி என்று கிடப்பவள் அவள். கார் நிக்கோபார் வரை போய் ஆட்களின் விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி எடுத்து வந்திருக்கிறாள். லண்டனில் ஒரு வருஷப் படிப்புக்கு உதவித்தொகை, இந்தியா முழுக்க ஆறே பேருக்கு. 1967-ஆம் வருஷம் அது. அவளுக்கு வயது இருபத்துநான்கு.

பிறந்தது பெரியதாழை. எட்டு வயதில் கப்பலேறி வந்தது போர்ட் பிளேர். பி.எஸ்ஸி. படித்தது பாளையங்கோட்டை. இதில் எது சொந்தம்? யோசித்து யோசித்து, பிறந்த இடம்தானே என்று 'மெட்ராஸ்' என எழுதினாள்.

"சர்க்கார் வேலைல இருக்கறவங்க மேலதிகாரி மூலமாத்தான் அனுப்பணும்மா" என்றார் தலைமை குமாஸ்தா பாலசுப்பிரமணியம். "ஆனா அது மேசை மேசையா ஏறி இறங்கறதுக்குள்ள கடைசித் தேதி போயிடும். முன்கூட்டியே ஒரு பிரதியை நேரா டில்லிக்கு அனுப்பி வை. இன்னொண்ணை என்கிட்ட குடு."

நேரே போக வேண்டியது அன்றைக்கே தபால் பையில் விழுந்தது. மறுநாள் தன் கையிலிருந்த பிரதியைப் படித்துக்கொண்டே வந்த பாலசுப்பிரமணியம் ஏழாவது கேள்வியில் நின்றார்.

"மெட்ராஸா? மெட்ராஸ்ல ஆயிரம் பேர் போடுவான்மா. உனக்குச் சம்பளம் குடுக்கறது எது? வீடு எங்க இருக்கு?"

"இங்கதான், டாலிகஞ்ச்ல, சார்."

"அப்புறம் என்ன?" சிவப்பு மையால் அடித்து, 'அந்தமான் நிக்கோபார்' என்று எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டார். இரண்டும் ஒரே கப்பலில் போயின.

ஐந்து மாதம் சத்தமே இல்லை. ஒரு திங்கட்கிழமை தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "தீதி, தோ சிட்டி!" என்று இந்தியில் கூவி, இரண்டு கடிதம் என இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு உறையிலும் ஒரே டில்லி அலுவலகத்தின் முத்திரை. இரண்டு கடிதத்திலும் ஒரே தேதி.

முதல் கடிதம்: கோப்பு எண் 214. கல்கத்தாவில் இருபத்தாறாம் தேதி நேர்காணலுக்கு வரவும்.

இரண்டாவது: கோப்பு எண் 371. தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கிரேன் ஓட்டும் அப்பா கஸ்பார் வேலை முடிந்து வந்ததும் இரண்டையும் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஏட்டி, வரச் சொல்லுதானா, வராதேங்கானா?"

"ரெண்டும்தான்ப்பா."

"அதெப்படி ரெண்டும்?"

அவளுக்கும் அதுதான் தெரியவில்லை. முதலில் கூப்பிட்டுவிட்டு அப்புறம் வேண்டாமென்கிறார்களா? வேண்டாமென்றுவிட்டு மனசு மாறினார்களா? மறுநாள் அலுவலகத்தில் பாலசுப்பிரமணியம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே ஆளை ரெண்டு ஆளா நினைச்சுட்டான்மா. ஒருத்தியைக் கூப்பிடறான், ஒருத்தியைத் தள்ளறான்."

"எவளை சார் கூப்பிடறான்? மெட்ராஸ்காரியையா, இங்க இருக்கறவளையா?"

"நம்பரைப் பார்த்தா சொல்ல முடியலையே" என்றார்.

தந்தி அடித்தார்கள். மூன்றாம் நாள் பதில் வந்தது: எங்கள் கடிதத்தைப் பார்க்கவும்.

எந்தக் கடிதத்தை? ரோசலின் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. கல்கத்தா கப்பல் அடுத்த வாரம் வியாழக்கிழமை. அதை விட்டால் அடுத்தது பதினைந்து நாள் கழித்துத்தான். போவதா, இருப்பதா? புதன்கிழமை மத்தியானம் வரை பெட்டியில் புடவையை வைத்தாள், எடுத்தாள். கடைசியில் அப்பாதான் பெட்டியைச் சாத்திப் பூட்டினார். "திருப்பி அனுப்புனா கல்கத்தாவைப் பாத்த மாதிரி இருக்கும். கெளம்பு, சலோ."

நாலு நாள் கப்பலில் மனசு ஒரு நிலையில் இல்லை. மெட்ராஸ் என்றால் பெரியதாழையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தமான் என்றால் வேறு மாதிரி. இரண்டு விதமாகவும் ஒத்திகை பார்த்தாள். மூன்றாம் நாள் எந்த வாக்கியம் எதற்கு என்றே குழம்பிப் போயிற்று. போதாக்குறைக்கு, லண்டன் போக ஆசை இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

கல்கத்தாவில், நீளமான மேசைக்கு அந்தப்பக்கம் ஐந்து பேர். நடுவில் நரைத்த தலைவர். ரோசலின் கேட்காமலே இரண்டு கடிதத்தையும் அவர் முன் வைத்தாள். அவர் படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அலமாரியிலிருந்து இன்னொரு கோப்பு வந்தது.

"இதில் நீங்கள் யார்?"

"இரண்டும் நான்தான், சார்."

"மெட்ராஸ் மிஸ் ரோசலினை நிராகரித்திருக்கிறோம். அங்கே போட்டி அதிகம். அந்தமான் மிஸ் ரோசலினைக் கூப்பிட்டிருக்கிறோம். ஆனால் கட்டுரை ஒரே கட்டுரை." அவருக்கே சிரிப்பு வந்தது. "சரி, சொல்லுங்கள். உங்கள் தீவில் காய்ச்சல் எப்போது கூடுகிறது?"

ஒத்திகையில் இல்லாத கேள்வி. "மழை முடிந்ததும் சார். கடல் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து தேங்குகிற இடமெல்லாம் எங்களுக்கு ஆபத்து. அந்தக் கொசுவுக்கு உப்புத் தண்ணீர் பிடிக்கும்" என்று தொடங்கியவள் நிறுத்தவேயில்லை. எந்தக் குடியிருப்பில் எத்தனை பேர், எந்த மருந்து கேட்கவில்லை, எந்த உப்பங்கழியை மண் போட்டு மூடலாம். பேசிக்கொண்டே போகையில் 'எங்களுக்கு', 'எங்கள் ஜனங்கள்' என்றே வாயில் வந்துகொண்டிருந்தது.

"படித்து முடித்ததும் எங்கே திரும்புவீர்கள்?"

"போர்ட் பிளேருக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்து, யாரோ பக்கத்தில் நின்று சொன்னது போலத் திகைத்தாள்.

அடுத்த மாதம் வந்தது ஒரே ஒரு கடிதம். ஆறு பேரில் ஒருத்தி. கூடவே ஒரு நிபந்தனை: திரும்பி வந்து ஐந்து வருஷம் தீவில்தான் வேலை செய்ய வேண்டும்; கையெழுத்திட்டு அனுப்பவும்.

கஸ்பார் அதை மகளிடம் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம். அதற்கப்புறம் மெயின்லேண்டுக்கு, பெரியதாழைக்கே திரும்பிவிடுவது என்று அப்பாவும் மகளும் பேசி வைத்திருந்தார்கள்.

"அப்போ நான்?" என்றார்.

"நீங்களும் இங்கதான்ப்பா. இல்ல... தெரியல. கையெழுத்துப் போடவா, வேண்டாமா?"

"உனக்குச் சந்தோஷமாட்டி?"

"இருக்கு. பயமாவும் இருக்கு. எது முதல்லன்னு சொல்லத் தெரியல."

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். அவள் எழுதி முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டு, வெளியே போய்க் கூரையை அண்ணாந்து நோக்கினார்.

"ஏ ரோசு, வடக்குப் பக்கத் தகரம் பூரா துருவேறிக் கெடக்கு. இங்கேயே கெடக்கணும்னா இதை மாத்தித்தான் ஆகணும்" என்றார். ஏணி எடுக்கப் பக்கத்து வீட்டுக்கு நடந்தார்.