ஈரச் சாணைக்கல்

விஜயதசமி காலையில் என் இயற்பியல் புத்தகத்தை எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். அட்டையில் ஈரம் பிறை மாதிரி ஏறியிருந்தது.

முந்தின நாள் ஆயுத பூஜை. அப்பாவின் சுத்தியல்கள், அரங்கள், வெல்டிங் கண்ணாடி, என் பி.எஸ்ஸி. புத்தகங்கள் எல்லாவற்றையும் அம்மா ஒரே பலகையில் அடுக்கியிருந்தாள். நடுவில் அண்ணன் வாங்கி வந்த சாணைக்கல். வட்டமான அந்தக் கல்லைக் கழுவி, சந்தனத்தை வழித்துப் பூசி, குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் நிறுத்தி, என் புத்தகத்தின் மேல் சாய்த்துவிட்டிருந்தாள். தாம்பாளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. ராத்திரி முழுக்க அந்தக் கல் பாதி உடம்போடு தண்ணீரில் நின்றிருக்கிறது.

இப்போது பலகையில் புத்தகங்கள் இருந்தன. கல் இல்லை.

எங்கள் வீட்டின் முன்பாதிதான் பட்டறை. துறையூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டை விட்டுவிட்டுத் தென்னூருக்கு வந்து, அப்பா இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்து எங்களை வளர்த்தார். என் அண்ணன் மருதைக்குப் படிப்பு ஏறவில்லை, கை ஏறியது. சாணை மெஷின் வாங்க வக்கில்லை என்று, வீட்டிலிருந்த ஒரே டிரில்லிங் மெஷினையே சாணை மெஷினாக மாற்றியிருந்தான். துளை போடும் ஊசியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு போல்ட். போல்ட்டில் இரண்டு வாஷர், நடுவில் கல், மேலே நட்டு. கல்லின் ஓட்டை போல்ட்டைவிடப் பெரியது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி அதை இறுக்கியிருந்தான். போன வாரம் ஓட்டிப் பார்த்தபோது பொறி பறந்தது. நான்கூடக் கை தட்டினேன். அன்றைக்குக் கல் காய்ந்திருந்தது.

பட்டறைக்கு ஓடினேன். மறுபூஜை முடிந்து எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் எழும்பும் சத்திரத்துக்கான கேட், தரையில் கட்டைகளின் மேல் கிடந்தது. பக்கத்தில் முக்காலி போட்டு காண்டிராக்டர் பிச்சமுத்து. இந்தக் கேட்டில் வெல்டிங் வைத்த இடங்களில் புடைத்து நிற்கும் முண்டுகளை மெஷினில் இழைத்துக் காட்டினால் சத்திரத்து ஜன்னல் வேலை முழுக்க எங்களுக்கு. இல்லையென்றால் மெஷின் வைத்திருக்கிற வேறு பட்டறைக்கு. அதைச் சொல்லித்தான் நல்ல நேரம் பார்த்து வந்து உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் மெஷினைக் கையில் எடுத்திருந்தான். கல்லுக்கு மூடி கிடையாது. அவன் கண்ணுக்கும் கிடையாது. வெல்டிங் கண்ணாடி போட்டால் இருட்டாக இருக்கிறதாம்.

"அண்ணே, ஓட்டாத. கல்லு ஊறியிருக்கு."

"தொடச்சாச்சு. தள்ளு."

"மேலதானே தொடச்ச? ராத்திரி பூரா ஒரு பக்கம் தண்ணி குடிச்சிருக்கு. அந்தப் பக்கம் கனமா இருக்கும். சுத்துறப்ப இழுத்துக்கிட்டுப் போயிச் செதறும்."

பிச்சமுத்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "யாரு அழகரு, நீ காலேசுக்கு அனுப்புன புள்ளையா? வாத்தியாரம்மா வேலைக்குப் போவலியா இன்னும்?"

வேலை கேட்டு நான் ஏறி இறங்கிய படிகளை அவரா ஏறினார்?

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏய், சாணை மெஷினு இத விட எவ்வளவு வேகமாச் சுத்தும் தெரியுமா? அந்த வேகத்தயே தாங்குற கல்லு இது. டிரில்லு அதுல பாதி ஓடுமா? மெதுவாச் சுத்துறதுக்குப் போயி ஒப்பாரி வைக்கிற."

"அந்தக் கணக்கு நல்ல கல்லுக்கு. இது நல்ல கல்லுன்னு நீ எங்க பாத்த? சந்தனம்ல அப்பிக் கெடக்கு, விரிசல் இருந்தாத் தெரியுமா?"

திருப்புளியின் மரப்பிடியால் கல்லைத் தட்டினேன். விரிசல் இல்லாத கல் கணீரென்று கேட்கும்; போன வாரம் கழற்றி வைத்துத் தட்டியபோது அப்படித்தான் கேட்டது. இப்போது தொப்பென்றது.

"ரப்பர் சுத்தி இறுக்கியிருக்குடி. அப்படித்தான் கேக்கும்" என்றான். அதுவும் உண்மையாக இருக்கலாம். எனக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

"அப்ப சந்தனத்தச் சொரண்டு, பாப்போம்."

"பூசை பண்ணுனதுல நகத்த வைக்காதடி!" அம்மா வாசலிலிருந்து கத்தினாள்.

பிச்சமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் போவுது தம்பி. இந்த வீட்டுல ஆம்பள யாருன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க."

அண்ணன் குனிந்து சுவிட்சில் விரலை வைத்தான். நான் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

பூஜை முடிந்து தொடங்கும் முதல் வேலை, நல்ல நேரத்தில், அதுவும் ஒரு பெண் கையால் நின்றுபோனது. அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "வெளங்குமாடி இந்தத் தொழிலு இனி? பாவி, வெளங்குமா?"

"அவன் கண்ணு போனா வெளங்குமாப்பா?"

அடி விழவில்லை. ஆனால் அண்ணன் என் கையிலிருந்து பிளக்கைப் பறித்துத் திரும்பச் சொருகினான். அவனோடு மல்லுக்கட்ட என்னால் முடியாது. என் படிப்பையும் அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்ளப் போவதில்லை.

கேட்டைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன். கல்லின் விளிம்புக்கு நேராக, அது சிதறினால் துண்டு எந்தப் பக்கம் பறக்குமோ அங்கே, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். என் முகத்துக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. குங்குமம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப ஓட்டு."

"எந்திரிடி."

"நல்ல கல்லுதானே? மெதுவாத்தானே சுத்தும்? எனக்கு என்ன ஆவப்போவுது? ஓட்டுண்ணே."

"ஏ வள்ளிக்கண்ணு, வெளையாடாத. எந்திரி."

"ஓட்டு."

அவன் விரல் சுவிட்சிலேயே இருந்தது. எழுந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றிய கணத்தில் அவன் கண் என் முகத்திலிருந்து கல்லுக்குப் போனது. முதல் தடவையாக அந்தக் கல்லைச் சரியாகப் பார்த்தான். மேல்பாதி வெளுப்பாகவும், கீழ்ப்பாதி ஈரத்தில் கறுப்பாகவும் இருந்தது.

தன் கண்ணைப் பணயம் வைக்க அவனுக்கு யோசனையே வரவில்லை. என் கண் என்றதும் விரல் அசையவில்லை. அது தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

மெஷினைத் தரையில் வைத்தான். அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

பிச்சமுத்து வேட்டியை உதறி எழுந்தார். "கேட்டு சாயங்காலம் சத்திரத்துக்கு வந்துறணும். ஜன்னல் வேலைய நான் வேற எடம் பாத்துக்கறேன்." வண்டி போகும் சத்தம் கேட்டது.

உள்ளே போய்ப் பூஜைப் பலகையிலிருந்து ஓர் அரத்தை எடுத்து வந்து அண்ணன் என் மடியில் விட்டெறிந்தான். "நிறுத்துனல்ல? நீயே அராவு."

அராவினேன். அவனும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அராவினான். மெஷின் நொடியில் தின்றிருக்கும் முண்டு, அரத்துக்கு அசைந்தே கொடுக்கவில்லை. கல்லைக் கழற்றி வெயிலில் போட்டிருந்தோம். மத்தியானம் சந்தனம் தானாக உதிர்ந்தது. விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான், என்னிடமும் காட்டினான். ஆனால் மெஷினில் மாட்டவில்லை. அது சிதறியிருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வெயில் சாய்கையில் கடைசி முண்டில் இருந்தோம். என் உள்ளங்கையில் தோல் உரிந்து அரத்தின் பிடியில் ஒட்டியது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டான்.

"என்னடி, பி.எஸ்ஸி. கை அதுக்குள்ள கிழிஞ்சுபோச்சா?"

"கண்ணு இருக்குல்ல? நல்லாப் பாத்துக்க" என்றேன்.