முதலாவது பிஸ்டன்

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பிற்பகல் மூன்றே முக்காலுக்கு, ஆரையம்பதிக்கு எதிரே வாவியின் நடுவில் நிலோஜனின் தோணி நின்றுவிட்டது. கீழே சேறும் இல்லை, வலையும் இல்லை. சவள் துடுப்பால் எவ்வளவு வலித்தும் தண்ணீர் மட்டுமே விலகியது. நீந்திப் போகலாம் என்று எழுந்தவனின் கால்கள் பலகையை விட்டு வரவில்லை. இரண்டு தோணிகள் கயிறு கட்டி இழுத்தன. கயிறு அறுந்தது.

அதே நேரம் கரையோரக் கராஜில் அவனுடைய மாமனார் கோணாமலை, கதிர்காமத்தம்பியின் உழவு இயந்திரத்தில் முதலாவது பிஸ்டனுக்குக் கீழே மரக்கட்டையை வைத்து முதல் அடி அடித்திருந்தார். மார்கழி வெள்ளத்தில் வயல்வட்டைக்குள் மூழ்கிக் கிடந்த இயந்திரம் அது. நான்கு பிஸ்டன்களும் துருவேறி சிலிண்டர் லைனரோடு இறுகியிருந்தன. எண்ணெய் விட்டு ஊறவைக்கும் பழக்கம் கோணாமலைக்கு இல்லை. அடித்தால் வராத சாமான் இல்லை என்பார். அதுவரை எல்லாம் வந்தும் இருந்தன. மறுபடி அடித்தார். பிஸ்டன் அசையவில்லை. வாவியில் தோணியின் பலகை ஒன்று வெடித்துத் தண்ணீர் கசிந்தது.

இரண்டையும் சேர்த்துக் கண்டவள் அவருடைய மகள் தனுஷா. கரையில் நின்று கணவனையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, சுத்தியல் விழும்போதெல்லாம் தோணி அதிர்வது தெரிந்தது. கராஜுக்குள் வந்து தகப்பனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அடிக்காதீங்கப்பா. தோணி வெடிக்குது.”

கோணாமலை வெளியே வந்து பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்தார். மண்ணெண்ணெயும் பிரேக் ஒயிலும் கலந்து பிஸ்டனின் மேல் ஊற்றினார். தோணிக்குள் மண்ணெண்ணெய் மணக்கிறது என்று நிலோஜன் போனில் சொன்னான்.

கராஜ் வாசலில் மர வாங்கில் உட்கார்ந்திருந்த கதிர்காமத்தம்பி எழும்பிப் போகவில்லை. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் அவருடைய நெல் விளைந்து சாய்ந்திருந்தது. வானம் கறுத்திருந்தது. அறுக்கும் நெற்கதிரை மேட்டுக்கு ஏற்ற இந்த இயந்திரத்தை விட்டால் வேறு வழியில்லை.

“நீ ஊறவெச்சு முடியுமட்டும் என்ட நெல்லு பாத்துக்கொண்டு நிக்குமா மச்சான்?”

சனிக்கிழமை முழுவதும் மழை. நிலோஜன் பால்மாத் தகரப் பேணியால் தண்ணீர் இறைத்தான். அயலார் தோணியில் போய்ச் சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள். கோணாமலை ஊற்றினார், பார்த்தார், மீண்டும் ஊற்றினார். தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று தனுஷா போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். கணுக்கால் என்றான். பிறகு முழங்கால் என்றான்.

ஞாயிறு காலை கோணாமலை பிஸ்டனை மேலே தள்ளாமல், கட்டையை மேலே வைத்து மெதுவாகக் கீழே தட்டினார். தோணி கரைக்கு வரவில்லை. கடலை நோக்கி, முகத்துவாரப் பக்கமாக ஒரு முழம் போனது. தனுஷா மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் கீழிருந்து மேலே தட்டினார். தோணி ஒரு முழம் திரும்பியது. கீழே, மேலே, மறுபடி கீழே. தோணி போவதும் வருவதுமாக இருந்தது. மத்தியானம் பிஸ்டன் அவர் கைக்கு வந்தது. தோணியின் மூக்கு மணலில் முட்டியது. நிலோஜன் இறங்கி, காலைக் கழுவிவிட்டுத் தேத்தண்ணி கேட்டான்.

கதிர்காமத்தம்பியின் நெல்லில் பாதி தண்ணீருக்குள் முளைத்துவிட்டிருந்தது. மீதிக்காக அவர் அதே வாங்கில் இருந்தார்.

அதன்பிறகு ஆரையம்பதியில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்கள் காற்றைப் பார்த்தபின் கராஜையும் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் அதை அதிசயமாகப் பேசவில்லை. திங்கட்கிழமை விடியற்காலை, பலகை மாற்றிய தோணியைக் கரையில் விட்டுவிட்டு, நிலோஜன் சவளைத் தோளில் வைத்தபடி வாசலில் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் நின்றார்கள். வாங்கில் கதிர்காமத்தம்பி. கோணாமலையின் கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல்.

“மாமா, இண்டைக்கு ரெண்டாவதுல கை வைக்கப் போறீங்களா?”