இரண்டு தரம் ஹோர்ன்

வேனை நிறுத்துவதற்கு முன்பே புவனேந்திரனின் கண்ணில் சுவர் பட்டுவிட்டது. மாரிசாமி வீட்டு அடுப்படிச் சுவர். சரியாகச் சொன்னால், சுவர் இருந்த இடம். மண் உள்பக்கமாகச் சரிந்து கிடந்தது. திறந்து கிடந்த பக்கத்தை நீலத் தறப்பாளால் மறைத்துக் கட்டியிருந்தார்கள். காற்றில் அது உப்பி உப்பி அடங்கியது.

“முந்தாநாள் ராத்திரி யானை வந்துச்சு,” என்றாள் மாரிசாமியின் மனைவி விஜயலெட்சுமி. “நீங்க வச்சிட்டுப் போன பூசணிக்கா மிச்சம் உள்ள கெடந்துச்சில்ல, அதுக்குத்தான். நான் இங்கினதான் படுத்திருந்தேன் தம்பி. ஒரு பாய் தூரம்.”

“ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலயேக்கா?”

“ஆகியிருந்தா இப்ப யாரு பதில் சொல்றது?”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

புவனேந்திரனுக்குப் பதுளையில் ஸ்டூடியோ. கல்யாணம், சடங்கு, பாஸ்போர்ட் படம். ஆடி பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் பசறை வளைவுகளில் இறங்கி மொனராகலைப் பக்கம் வந்துகொண்டிருந்தான், ஒரே ஒரு படத்துக்காக. வற்றிக் கிடந்த குளத்தின் நடுவில் ஓர் ஒற்றை யானை தன் முதுகில் தூசி வாரிப் போடுவதை ஒருநாள் பார்த்திருந்தான். பின்னால் சூரியன். அதன் இடது காதில் யாரோ சுட்ட ஓட்டை. அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது. அப்போது அவன் கையில் கமரா இல்லை. அன்று போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை.

அந்தப் பக்கம் சூரியன் மலைக்குப் பின்னால் சட்டென்று இறங்கிவிடும். யானை சூரியனைப் பார்த்தா வரும்? புவனேந்திரன் ஒரு வழி கண்டுபிடித்தான். பதுளைச் சந்தையில் பூசணிக்காய் வாங்கி வந்து குளத்தின் நடுவில் போடச் செய்வான். பிறகு வேனில் இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பான். முதலில் அது வரவே இல்லை. பிறகு இருட்டிய பின் வந்தது. இப்போதெல்லாம் ஹோர்ன் சத்தம் அடங்குவதற்குள் பற்றைக்காட்டை விலக்கிக்கொண்டு வந்து நின்றது. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவன்கூட இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை என்று கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தான். சூரியன் இறங்குவதற்குள் அது தூசி வாரிப் போடுவது மட்டும் இன்னும் வாய்க்கவில்லை.

“இன்னிக்கு வேணாம் தம்பி,” என்றாள் விஜயலெட்சுமி. “நீங்க பழக்கிட்டுப் போயிட்டீங்க. அது வந்து எங்ககிட்டல்ல கேக்குது?”

“இன்னிக்கு மட்டும்க்கா. கெடச்சிட்டா இந்தப் பக்கமே வர மாட்டேன்.”

“கல்யாண ஊட்லயும் இப்பிடித்தான் சொல்லுவீங்களாமே. ஒரே ஒரு போட்டோ, ஒரே ஒரு போட்டோன்னு. பசியில பொண்ணு மயங்கி விழுந்தாலும் விட மாட்டீங்களாம்.”

கிணற்றடியிலிருந்து மாரிசாமி வந்தார். மண்சரிவுக்குப் பயந்து கொஸ்லந்தையை விட்டு இறங்கி, இங்கே கிணறு வெட்டி வாழையும் கத்தரியும் போட்டவர். வாய் ஓயாத மனிதர். இன்று “வாங்க தம்பி” என்றதோடு சரி.

“நேத்து யாரோ ஒரு ஆளப் பாக்கப் போனாரு,” என்றாள் அவள் தாழ்ந்த குரலில். “வந்ததுலருந்து பேச்சே இல்ல.”

காய்களைக் கொண்டுபோய் வைப்பது எப்போதும் மாரிசாமியின் வேலை. வேனிலிருந்து பாதியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வீட்டுக்குள் போய் ஒரு சிறு சாக்கையும் எடுத்து வந்தார். அதை மட்டும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

“அது என்னண்ணே?”

“மிச்சங் கெடந்த காய்.”

புவனேந்திரன் சூரியனைப் பார்த்தான். மேலே கேட்கவில்லை.

வீட்டுக்குப் பின்னாலிருந்த குளக்கட்டில் கமராவை நிறுத்தினான். மாரிசாமி திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். சூரியன் மலை விளிம்பைத் தொட்டது. புவனேந்திரன் வேனுக்குப் போய் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டு ஓடி வந்தான்.

வந்தது. ஒவ்வோர் அடிக்கும் காலடியில் தூசி எழுந்து, வெளிச்சத்தில் நெருப்புப் புகை போல் நின்றது. முதல் காயை மிதித்து உடைத்துத் தின்றது. அடுத்ததையும் தின்றது. அவன் லென்ஸைத் திருகி நெருக்கினான். ஒரு காய் தள்ளித் தனியாக இருந்தது. வெட்டிய துண்டைத் திரும்பச் செருகி, வாழைநாரால் இறுக்கிக் கட்டிய காய். அந்த நார் வெயிலில் மின்னியது.

“அந்தக் காய்க்கு என்ன கட்டு?”

“பன்னிக்கு வக்கிற வெடிதான். நீங்க படத்த எடுங்க.”

“அண்ணே! வாயில போட்டா தாடையே போயிரும்!”

“செவரு விழுந்தப்ப நீங்க பதுளையில இருந்தீங்க தம்பி.”

யானை அந்தக் காயருகே வந்தது. தும்பிக்கை மேலே தயங்கியது. மோந்தது. காயைத் தொடவில்லை. ஓரடி பின்னால் போய், காலால் மண்ணைக் கிளறி முதுகில் வீசியது. பொன்னாய்த் தூசி கவிந்தது. காது விரிந்தது. ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது.

புவனேந்திரன் விரலை அழுத்தினான். படம் கிடைத்துவிட்டது.

பிறகுதான் ஓடினான். துரத்த வேண்டும். அது மட்டும்தான் அவன் மனதில் இருந்தது. வேன் கதவைத் திறந்து ஹோர்னைக் குத்தினான். மறுபடியும் குத்தினான்.

குத்திய பிறகுதான் தெரிந்தது.

யானை தலையைத் திருப்பி வேனைப் பார்த்தது. பிறகு, அவன் பழக்கியபடியே, குனிந்து அந்தக் காயை எடுத்து வாயில் போட்டது.

பெரிய சத்தம் இல்லை. தகரத்தில் கல் விழுந்த மாதிரி. தூசி எல்லாவற்றையும் மூடியது. உள்ளேயிருந்து பிளிறல் வரவில்லை. ஈரமாக ஏதோ மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது.

தூசி அடங்கியபோது சூரியன் இல்லை. யானை காட்டுப் பக்கம் திரும்பவில்லை. குளக்கட்டை நோக்கி மெதுவாக ஏறி வந்துகொண்டிருந்தது. கீழ்த்தாடை தொங்கியது.

சாவியைத் திருகப் போன அவன் கையை, பின்னாலேயே ஓடி வந்த மாரிசாமி பிடித்துக்கொண்டார்.

“ஸ்டார்ட் பண்ணாதீங்க. வேன் சத்தத்துக்கு நேரா இங்கதான் வரும்.”

“இப்பவே வருதேண்ணே!”

இருவரும் வீட்டுக்குள் ஓடினார்கள். விஜயலெட்சுமி அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். மிச்சமிருந்த சுவரோடு ஒட்டி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

வேனின் பின்கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மீதிப் பூசணிக்காய்கள் இருந்தன. தகரம் நெளியும் சத்தம் கேட்டது. காய்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து உருண்டன. தின்னும் சத்தம் கேட்கவில்லை.

“மெல்ல முடியல,” என்றாள் விஜயலெட்சுமி. “பசியோட நிக்கிது.”

பிறகு அந்த மூச்சு வீட்டுப் பக்கம் திரும்பியது.

நீலத் தறப்பாள் உள்பக்கமாக உப்பியது. காற்று எப்போதோ நின்றிருந்தது.