காற்றாட வைத்த முகமூடி

1

மாலை நாலேகாலுக்கு வேன் வாசலில் வந்து நின்றது. தெருத் தண்ணீர் அதற்குள் முதல் படியை மூடியிருந்தது.

இதை எனக்குச் சொன்னவர் அந்த வேனின் ஓட்டுநர். நடக்க முடியாதவர்களை வெள்ள முகாமுக்கு ஏற்றிப்போவது அவர் வேலை. சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டார். மீதியைக் கேட்கக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆகவே உங்களிடமும் பாதிதான் இருக்கப்போகிறது.

2

இதைக் கதையாக்க நான் எழுதிய முதல் தொடக்கம்: ‘அக்காவுக்கு எதிரி மூக்கு, தம்பிக்கு எதிரி கால்.’ அடித்துவிட்டேன். அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது: ‘அச்சகத்தில் உருளைகளைத் துடைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்கு’

இது இப்படியே நிற்கட்டும். தெரிய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வேன் வந்து நின்ற வீட்டில் ஒரு அக்காவும் தம்பியும் மட்டும். உருளை துடைக்கும் திரவம் அக்காவின் உடம்பைக் கெடுத்துவிட்டது. சென்ட், பினாயில், பெயின்ட், சோப்புத்தூள், எதுவானாலும் ஒரு மூச்சு போதும். தொண்டை அடைக்கும், நாக்கு குழறும், படுத்தால் எழ நாளாகும். மனப்பிரமை என்று ஒரு டாக்டர் சொன்னார். அவர் சட்டையில் சென்ட் அடித்திருந்தார்.

தம்பி எலக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லாமல் போனது. தலையில் பட்ட அடியில் வாசனை தெரிவதும் போனது.

"உன் மூக்கு ஓவர்டைம் பாக்குது, என் மூக்கு லீவுல இருக்கு," என்பான். "நடுவுல ஒரு சாதா மூக்கு இருந்தா நாம பொழச்சிருவோம்க்கா."

(ஓட்டுநர் இதைச் சொல்லவில்லை. என் சேர்க்கை. இப்படிப் பேசாத தம்பியோடு அவள் இத்தனை காலம் இருந்திருக்க முடியாது.)

3

மொட்டை மாடிக்கு இரும்பு ஏணிதான். அவள் ஏறிவிடுவாள், அவன் முடியாது. தண்ணீர் வந்தால் முகாமுக்குத்தான் போக வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். தயாராகத்தான் இருந்தார்கள். கதவருகே ஒரு பை. அதில் அவனுடைய மூத்திரக் குழாய்கள், வெறும் தண்ணீரில் அலசிய அவளுடைய போர்வை.

முகமூடி மட்டும் பைக்குள் போகவில்லை. நச்சுக்காற்றைத் தடுக்கும் நல்ல முகமூடி. ஆனால் புது ரப்பர் வாடை. அவளைக் காப்பாற்ற வாங்கியதே அவளைப் படுக்கப்போட்டது. வாசல் கொடியில் காற்றாட மாட்டினார்கள். வாசனை போய்விட்டதா என்று அவன் மோந்து பயனில்லை. அவள் மோந்தால் ஆபத்து. காற்றையே நம்பினார்கள். மாதக்கணக்கில் ஆடியது. ஒருநாள் துணிந்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"போயிடுச்சுடா!"

அன்று இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். (இதுவும் என் சேர்க்கை. ஒரு தடவையாவது சிரிக்கட்டுமே.)

மழை பிடித்ததும் அவன் முகமூடியை எடுத்து, நனையாதிருக்க, எதிர்வீட்டார் கொடுத்திருந்த மூடி போட்ட வாளிக்குள் வைத்தான்.

4

"கேம்பு பளிச்சுன்னு இருக்கும்மா. ஒடம்பு முடியாதவங்க வர்றாங்கன்னு காலையிலயே ரெண்டு தடவ பினாயில் ஊத்திக் கழுவிட்டாங்க," என்றார் ஓட்டுநர், நல்ல சேதி சொல்பவர்போல.

அவள் தம்பியைப் பார்த்தாள்.

"அதான் மாஸ்க் இருக்குல்ல. சொட்டுத் தண்ணி படாம வெச்சிருக்கேன். பாரேன்."

மடியிலிருந்த வாளியைத் திறந்து நீட்டினான். முகமூடியை எடுத்து முகத்தருகே கொண்டுபோனவள் அதை நழுவவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா?"

"வாளில... என்னடா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. காலி வாளிதான். நல்லா கழுவித்தான்..." நிறுத்தினான். ஓட்டுநரைப் பார்த்தான். "அண்ணே, கொஞ்சம் மோந்து பாருங்க."

ஓட்டுநர் குனிந்தார். "சோப்புத்தூள் வாளி தம்பி. இன்னும் கும்முன்னு இருக்கே."

(இங்கே தம்பி அழுதான் என்கிறார். முதல் வரைவில் நானும் அழவைத்தேன். அழுதால் அவனை மன்னித்துவிட்டு நீங்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுவீர்கள். எடுத்துவிட்டேன்.)

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முகாமில் பினாயில் படாத ஒரு வராந்தா. அங்கே இருவருக்கும் இடம். (அப்படி ஒன்றை யாராவது முன்பே யோசித்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.)

அல்லது, அவளும் ஏறுகிறாள். முகாம் வாசலில் விழுகிறாள். நல்ல மனதுள்ள ஒருத்தி சென்ட் போட்ட கைக்குட்டையால் விசிறுகிறாள். அதன்பிறகு

முடியவில்லை.

அல்லது, அவன் மட்டும் போகிறான். அவள் மழையில் மொட்டை மாடியில். இரவில் அவனைப் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகும். குழாய் அடைத்தால் காய்ச்சல் வரும். போன காய்ச்சலில் பிழைத்ததே பெரிது. முகாமில் இருப்பவர்களுக்கு இது தெரியாது.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, ஓட்டுநர் எழுந்து போகுமுன் கடைசியாகச் சொன்ன இது மட்டும். ஓட்டுநர் சக்கர நாற்காலியோடு அவனை வேனுக்குள் ஏற்றிப் பட்டையை இறுக்கினார். அவள் முழங்கால் தண்ணீரில் நின்றாள். நாக்கு குழறத் தொடங்கியிருந்தது.

"ராத்திரி ரெண்டு மூணு தடவ பொரட்டிப் படுக்க வைக்கச் சொல்லுங்க."

"யார்கிட்டம்மா சொல்ல?"

"யார்கிட்டயாவது."

"அண்ணே, என்ன எறக்குங்க," என்றான் தம்பி உள்ளேயிருந்து. "அவ இல்லாம நான் வரல."

"வாய மூட்றா. அவன் பேச்சக் கேக்காதீங்க."

"நீ மொதல்ல அவரு கேட்டதுக்குப் பதில் சொல்லு. மாடில எத்தன நாளு ஒக்காருவ?"

ஓட்டுநர் தண்ணீரைப் பார்த்தார். அது சக்கரத்தில் பாதிக்கு வந்திருந்தது. இன்னும் சில வீடுகள் பாக்கி. இழுகதவைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"சொல்லும்மா. கதவ சாத்திரவா?"