பெட்டி மட்டும்

கம்ப்யூட்டர் வாங்க மனைவியோடு வந்த கணவர், கடைக்காரம்மாவின் மேசைமேல் தன் தாளை விரித்தார். மூன்று கம்ப்யூட்டர்கள், மூன்று பத்திகள். விலை, வேகம், நினைவகம், உத்தரவாதம் என்று அடுக்கி எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. மூன்று வாரமாக இதையே சல்லடை போட்டுச் சலித்தவர். ஒரு குடை வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிற மனிதர். வீட்டில் அவருக்கு ‘ஆராய்ச்சி’ என்றே பெயர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். ஒன்பது வருஷம் ஓர் அச்சகத்தில் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்தவள், வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சொந்தமாகத் தொடங்கியிருந்தாள். முதல் புத்தகம் பாதியில் இருக்கும்போது பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடிவிட்டது. செய்தவரை பென் டிரைவில் பத்திரம்தான். ஆனால் திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் புத்தகம் அந்த அச்சகத்துக்கே போய்விடும்.

“விலைக்குத் தகுந்த சரக்கு இதுதான்,” என்று கணவர் மூன்றாவது பத்தியைத் தட்டினார்.

கடைக்காரம்மா தாளைத் தன் பக்கம் திருப்பினாள். “சார், மத்த ரெண்டும் மானிட்டரோட சேத்து விலை. இது வெறும் பெட்டி மட்டும்தான்.”

அவர் முகத்தில் அசடு வழிந்தது. “அப்ப கணக்கே தப்பு. அடுத்த வாரம் புதுசா ஒரு லிஸ்ட் போட்டுட்டு வரோம்.” எழுந்தே விட்டார்.

மனைவிக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் எழவில்லை.

“உக்காருங்க. நம்ம மானிட்டருக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கு. போனது பெட்டிதானே?” கடைக்காரம்மாவிடம் திரும்பினாள். “இது ரிப்பேரானா யாரு பாப்பாங்க?”

“நான்தாங்க. இது நானே அசெம்பிள் பண்ணினது. அன்னைக்கே திறந்து பாத்துடுவேன். மத்ததெல்லாம் கம்பெனிக்கு அனுப்பணும். பத்து நாளாகும்.”

“அப்ப இதையே குடுங்க.”

“வேகம் கொஞ்சம் கம்மிம்மா,” என்று இழுத்தார் கணவர்.

“பக்கம்தானேங்க அமைக்கிறேன்? ராக்கெட்டா விடுறேன்?”

கடைக்காரம்மா சிரித்துவிட்டாள். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “நானும் முதல்லயே இதைத்தானே சொன்னேன்!” அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

ஞாயிறு பிற்பகலில் கடைசி அத்தியாயமும் முடிந்தது. புத்தக விவரப் பக்கத்தில் ‘பக்க வடிவமைப்பு’ என்ற இடத்தில், இத்தனை வருஷம் அச்சகத்தின் பெயரையே அடித்த விரல்கள் முதல்முறையாக அவள் பெயரை அடித்தன. மனசு நிறைந்திருந்தது. பின்னால் நின்ற கணவர் குனிந்து பார்த்தார்.

“எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கே?”

“எல்லாப் புத்தகத்துலயும் இந்த அளவுதாங்க.”

“இருக்கட்டும். கொஞ்சம் பெருசாக்கேன்.”

அவள் தன் வீட்டிலேயே ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எழுத்தளவை அரைப் புள்ளி கூட்டினாள்.