இலை ஒட்டும் இடம்

பருவத்தின் கடைசி நாளில் குழந்தைகளை என்ன செய்ய வைப்பது என்று பேசத்தான் மூன்று பேரும் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருந்தார்கள் என்பது பாதிப் பொய். மழலை வகுப்பு நாற்காலிகள் முழங்கால் உயரம். பெரியவர்கள் அதில் குந்தத்தான் முடியும். பெரிய டீச்சர் மட்டும் மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு தேநீரை ஆற்றினார்.

"காகிதக் கிரீடம், ஒரு பாட்டு, இசை நாற்காலி. அவ்வளவுதான். பெத்தவங்க நாலு போட்டோ எடுத்துக்கிட்டு சந்தோஷமாப் போகட்டும். போன தடவை மாதிரி யாரும் தோத்து அழக் கூடாது. எல்லாப் பிள்ளைக்கும் நாற்காலி போட்டுடுங்க."

"எல்லாருக்கும் நாற்காலி போட்டா அது விளையாட்டாங்க? சினிமாக் கொட்டகை" என்றாள் ஆயாம்மா.

"ரிப்பன் அளக்கணும்" என்றாள் வகுப்பு டீச்சர்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாய் திறப்பதே அபூர்வம். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். அதை அவளிடமே வந்து சொன்னவளும் ஆயாம்மாதான்.

பருவம் தொடங்கிய வாரத்தில் ஒவ்வொரு குழந்தையையும் சுவரோரம் நிறுத்தி, குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை ஒரு ரிப்பனை வெட்டி, மேல்முனையில் தங்க நட்சத்திரம் ஒட்டி, சுருட்டி பிஸ்கெட் டப்பாவில் வைத்திருந்தாள் டீச்சர். கடைசி நாளில் அந்த ரிப்பன்களைத் தரையிலிருந்து மேலாகச் சுவரில் ஒட்ட வேண்டும். குழந்தை தன் ரிப்பன் பக்கத்தில் நிற்க வேண்டும். நட்சத்திரத்துக்கு மேலே தலை எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ அந்த இடைவெளியில் ஒரு பச்சைக் காகித இலை. வளர்ந்த இடத்தில் இலை.

"நல்லாத்தான் இருக்கு. யாராவது ஒரு பிள்ளை வளராம இருந்தா?" என்றார் பெரிய டீச்சர்.

"இத்தனை மாசத்துல எல்லாப் பிள்ளையும் வளரும்" என்றாள் டீச்சர். சொல்லும்போது கண்ணை டப்பா மேல் வைத்திருந்தாள்.

அன்று மதியம் மற்றக் குழந்தைகள் பாயில் தூங்கும்போது அவள் சுண்டுவை எழுப்பிச் சுவரோரம் நிறுத்திப் பார்த்திருந்தாள். மஞ்சள் ரிப்பனின் நட்சத்திரம் குழந்தையின் உச்சந்தலையில் அப்படியே வந்து உட்கார்ந்தது. நூலிழை நகரவில்லை.

சுண்டு என்பது ஆயாம்மா வைத்த பெயர். சுண்டுவிரல் மாதிரி இருக்கிறாள் என்று முதல் நாளே இடுப்பில் தூக்கிக்கொண்டு சொன்னது, ஒட்டிக்கொண்டது. தாய் வெளிநாட்டில் வேலையில் இருந்தாள். தகப்பன் எலக்ட்ரீஷியன். பள்ளியின் மின்விசிறியெல்லாம் அவன் காசு வாங்காமல் பழுது பார்த்தவை. நாற்காலி தூக்குவான், மைக் கட்டுவான், எல்லாரையும் பார்த்துச் சிரிப்பான்.

சுண்டு மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவத் தேவையில்லாதபடி வைப்பாள். பக்கத்துப் பிள்ளை சிந்திய பிஸ்கெட்டைப் பொறுக்கிக் காலுறைக்குள் போட்டுக்கொள்வாள். வீட்டுக்கு என்பாள். பிள்ளைக்கு எலும்பு தெரியுதே என்று டீச்சர் ஒருமுறை வாசலில் அவள் அப்பாவிடம் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "வீட்ல ஒரு சட்டம் இருக்கு டீச்சர். தப்பு பண்ணா அடுத்த வேளை கிடையாது. அடிக்கறதெல்லாம் எனக்குப் பிடிக்காது."

படுக்கையை நனைப்பது தப்பு. செருப்பை மாற்றிப் போடுவது தப்பு. கூப்பிட்டதும் வராதது தப்பு. சுண்டு ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தாள், புகாராக அல்ல, பாடம் ஒப்பிப்பது போல. கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள். "பெரியவங்களுக்குப் பசிக்காதாம். அப்பா சொன்னாங்க. நான் எப்ப டீச்சர் வளருவேன்?"

டீச்சர் அதைப் பெரிய டீச்சரிடம் கொண்டுபோனாள். கையில் வார்த்தைகள்தான் இருந்தன. வார்த்தைகளைக் கையாண்டு அவளுக்குப் பழக்கமில்லை. "ரொம்ப மெலிஞ்சிருக்கா மேடம்" என்பதற்கு மேல் நா எழவில்லை.

"அவங்க அப்பாவைப் பாருங்க, ஈர்க்குச்சி. விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்? நல்ல மனுஷனைப் பத்தி இல்லாததைக் கிளப்பிவிடாதீங்க."

அத்தோடு போயிற்று. ஆனால் பருவம் முடிந்தால் இரண்டு மாத விடுமுறை. இரண்டு மாதமும் மதியத் தட்டு கிடையாது. சிந்திய பிஸ்கெட் கிடையாது. அந்த வீட்டுச் சட்டம் மட்டும் இருக்கும். 

தான் பேச முடியாததை ரிப்பன் பேசிவிடும் என்று அவள் நம்பினாள். பல் பார்க்க வரும் சுகாதார நர்ஸைக் கடைசி நாளுக்கு அழைத்தாள். நர்ஸ் தன் கண்ணால் கண்டு மேலே சொன்னால் வீட்டுக்கு ஆள் வரும். யாரும் மறுக்க முடியாது. அழைத்தபோதும் காரணம் சொல்லவில்லை. "இலை ஒட்டித் தாங்க சிஸ்டர், பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்" என்றாள். ஆயாம்மாவிடம் சொல்லவே இல்லை. ஆயாம்மா வாயில் விழுந்தது ஊர் வாயில் விழுந்தது. அன்றைக்கே அந்தத் தகப்பன் காதுக்குப் போய், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டால்?

முந்தின நாள் மாலை ரிப்பன்களைச் சுவரில் ஒட்டும் வேலையை ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டு, டீச்சர் கிரீடம் வெட்ட அடுத்த அறைக்குப் போனாள்.

கடைசி நாள் வந்தது. பெற்றோர் குட்டி நாற்காலிகளில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்தது. யாரும் தோற்காத இசை நாற்காலியும் முடிந்தது. குழந்தைகள் ஒவ்வொருவராகச் சுவரோரம் போய் நின்றார்கள். நர்ஸ் இலை ஒட்டினாள், கைதட்டல் எழுந்தது. ஒரு குண்டுப் பையனுக்கு இரண்டு இலை ஒட்ட வேண்டியிருந்தது. "இவனுக்கு மரமே வைக்கலாம்" என்றார் அவன் தாத்தா.

சுண்டுவின் முறை. டீச்சர் நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை குதிகாலைச் சுவரில் ஒட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். கிரீடத்தைக் கழற்றினார்கள். நட்சத்திரத்துக்கு மேலே இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தது. நர்ஸ் அதில் இலையை ஒட்டினாள். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது.

"சபாஷ்!" என்றான் தகப்பன். "பார்த்தீங்களா டீச்சர்? எலும்பு தெரியுது, எலும்பு தெரியுதுன்னீங்களே. எலும்புதான் வளருது!"

எல்லாரும் சிரித்தார்கள். சுண்டு சிரிக்கவில்லை. தலையைத் திருப்பி இலையைப் பார்த்தாள். பிறகு தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள்.

"வளர்ந்துட்டேன். ஆனா இன்னும் பசிக்குதே" என்றாள்.

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது. நர்ஸும் சிரித்தாள். பெரிய டீச்சர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைங்க பேச்சே தனி" என்றார். தகப்பன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, மஞ்சள் ரிப்பனைச் சுவரிலிருந்து பிய்த்து நினைவுக்கு இருக்கட்டும் என்று சட்டைப் பையில் திணித்தான். பிய்க்கும்போதுதான் டீச்சர் நட்சத்திரத்தைக் கவனித்தாள். மற்ற நட்சத்திரங்கள் டப்பாவில் கிடந்து மங்கியவை. அது பளபளவென்று புதிதாக இருந்தது.

கூட்டம் கலைந்தபின் ஆயாம்மா நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் எதிரில் போய் நின்றாள்.  மற்றவர் மௌனத்தைத் தாங்குகிற ஆள் இல்லை ஆயாம்மா.

"என்ன டீச்சர் அப்படிப் பார்க்கறீங்க? ஆமா, நான்தான் வெட்டினேன். நேத்து சுண்டுவோட அப்பன் வர நேரமாச்சு. என் கூடவே இருந்தா. ரிப்பனை ஒட்டினதும் ஓடி வந்து நின்னா. எனக்கு எங்க இலை ஒட்டுவீங்கன்னு கேட்டா. இடமே இல்லை டீச்சர். எல்லாப் பிள்ளைக்கும் இலை, இவளுக்கு மட்டும் மொட்டைச் சுவரா? வளரலைன்னு தெரிஞ்சா அந்த ஆளு அதுக்கும் ஒரு வேளை சோத்தை நிறுத்துவானே."

"தெரியுமா உங்களுக்கு?"

"அவ காலுறையைத் துவைக்கறது யாருன்னு நினைச்சீங்க?"

ஆயாம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மங்கிய தங்க நட்சத்திரத்தோடு இரண்டு விரற்கடை மஞ்சள் துண்டு. "குப்பையில போட மனசு வரல" என்றாள். டீச்சர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி புரிந்தது. "எதுக்கோ வச்சிருந்தீங்களா இதை?"

"நர்ஸ் பார்க்கணும்னு வச்சிருந்தேன்."

ஆயாம்மா நாற்காலி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் டீச்சரை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.  டீச்சர் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆயாம்மா பின்னால் ஓடினாள்.

நர்ஸ் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். டீச்சர் துண்டை நீட்டினாள்.  ஆயாம்மாதான் சொன்னாள்: வெட்டியது, ஒட்டியது, எல்லாவற்றையும். நர்ஸ் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ரெண்டு விரல் ரிப்பன்மா. இதை வச்சு நான் என்ன சொல்ல?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். பேருந்து வந்தது. அவள் ஏறவில்லை. "இன்னும் பசிக்குதுன்னு சொன்னது அந்தப் பிள்ளையா?"

"ஆமா சிஸ்டர்."

"நானும் சிரிச்சேன்" என்றாள் நர்ஸ். பிறகு, "வீடு எங்க?"

வீடு பூட்டியிருந்தது. வாசற்படியில் காகிதக் கிரீடம் மிதிபட்டுக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்ததும் வராததுமா பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. லீவு முடிஞ்சுதான் வருவாங்களாம்."

"எந்த ஊருக்கு?"

"கேட்டேன். ஸ்விட்ச் இருக்கற ஊரெல்லாம் நம்ம ஊருதாங்கன்னு சிரிச்சாரு. நல்ல மனுஷன். போன வாரம்தான் எனக்கு மோட்டாரை மாட்டிக் கொடுத்தாரு."

நர்ஸ் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். சமையலறை ஜன்னலில் திரை இல்லை. மூவரும் கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார்கள். சுத்தமான சமையலறை. அலமாரிக் கதவில் இரும்புத் தகடு, அதில் பூட்டு. குளிர்சாதனப் பெட்டியிலும் அதே மாதிரித் தகடு, அதே மாதிரிப் பூட்டு. திருகாணிகள் ஒரே வரிசையில், கோணாமல் இறங்கியிருந்தன. வேலை தெரிந்தவன் கை.

எல்லாப் பூட்டும் ஒரு சிறு பிள்ளையின் தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருந்தது.

நர்ஸ் போனை எடுத்துக் குழந்தைகள் உதவி எண்ணை அழுத்தினாள். மறுமுனை எடுக்கும்வரை அதைக் காதோடு பிடித்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தாள்.

"கேப்பாங்க. முதல்லேர்ந்து சொல்லணும். நீங்கதான் சொல்லணும். எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

ஆயாம்மா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். கொடியில் துணி படபடத்தது. டீச்சர் ஜன்னலிலிருந்து கையை எடுத்தாள். கண்ணாடியில் அவள் விரல்களின் ஈரம் மட்டும் நின்றது. நர்ஸ் போனை அவளிடம் நீட்டினாள். மறுமுனையில் யாரோ, "சொல்லுங்க" என்றார்கள். மறுபடியும், "சொல்லுங்கம்மா, லைன்ல இருக்கீங்களா?"

டீச்சர் காலுறையிலிருந்து தொடங்கினாள்.