வராதவர்கள் வெட்டிய மணல்

கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில்தான் மணலை எடுக்க முடியும். ஐம்பத்தேழு புரட்டாசியில் அந்த நேரம் விடிவதற்கு முன்பே வந்துவிட்டது. அரசலாறு கடலில் சேருகிற இடத்தில் இடுப்பளவு நீரில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். தண்ணீருக்குள் இறங்கும் மண்வெட்டிக்குச் சத்தமில்லை. கைக்குத்தான் தெரியும். மணல் கரகரத்துக்கொண்டு வரும். சேறு பிடித்தால் விடாது.

மழைக்கு முன் ஒவ்வொரு வருஷமும் ஆற்றின் வாயைக் கடல் மணலால் அடைத்துவிடும். அதை வெட்டித் திறக்காவிட்டால் ஐப்பசி வெள்ளம் போக வழியில்லாமல் வரிச்சிக்குடி வரை வயல்களில் ஏறி நிற்கும். அதற்காக சர்க்கார் வைத்திருந்த நிரந்தரக் கூட்டம் இது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் சேர்ந்தவர்கள். இப்போது இந்திய சர்க்காரின் ஆட்கள். தண்ணீர் மட்டும் அதே குளிரோடு இருந்தது.

வரிசையின் கடைசியில் வைத்தியலிங்கம் நின்றார். உப்பில் ஊறி ஊறி அவருடைய கணுக்கால்கள் எப்போதும் புண்ணாகவே இருந்தன. வரும் தை மாதம் அவருக்கு ஓய்வு. கூடையைத் தலைக்குமேல் தூக்கிக் கரையில் நின்ற கருப்பையனிடம் கொடுக்கப் போனபோது, வெட்டிய மணல்திட்டு அடியில் கரைந்து சரிந்தது. அவர் சத்தம்கூடப் போடவில்லை. மண்வெட்டியின் பிடி மட்டும் மேலே மிதந்தது.

"அண்ணே!" என்று கருப்பையன் குதித்தான். பக்கத்தில் நின்ற சேக் பரீது அதற்குள் முங்கிவிட்டார். இரண்டு பேருமாக மணலைக் கையால் பறித்து அவரை வெளியே இழுத்தபோது வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். இனி தண்ணீரில் இறங்க முடியாது என்றார்கள். சில வாரம் கழித்து, தைக்கு முன்னாலேயே பென்சனைக் கொடுத்து அனுப்பிவிடுமாறு கேட்பதற்காக, கம்பை ஊன்றிக்கொண்டு அவர் ஆபீசுக்குப் போனார்.

அதிகாரி சோமசேகரன் தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. அவர் வைத்தியலிங்கத்தை பெஞ்சில் உட்காரச் சொன்னார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வைத்தியலிங்கம், உனக்குப் பென்சன் கிடையாதுப்பா."

"ஐயா?"

"அம்பத்தினாலு புரட்டாசியில நீ வேலைக்கு வரல. லீவும் கேக்கல. சர்வீஸ் நடுவுல அறுந்துபோச்சு. அறுந்தா அதுக்கு முன்னால உள்ளது செல்லாது. பென்சன் நிதியிலேருந்து உன் பேரை எடுத்தாச்சு. உன் ஒருத்தன் பேரு மட்டும் இல்ல, உன் கூட்டத்துல உள்ளவங்க பேரும்தான்."

"வந்தேங்க. நெஞ்சு மட்டும் தண்ணியில நின்னு வெட்டுனேங்க."

"வந்தவன் வந்தேன்னு சொன்னியா?"

வைத்தியலிங்கத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்தக் காலத்தில் காலையில் மேஸ்திரி ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டால் "பிரெசான்" என்று சொல்ல வேண்டும். இருக்கிறேன் என்று அர்த்தம். வேறு பிரெஞ்சு வார்த்தை ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. அந்தப் புரட்டாசியில், பிரெஞ்சுக்காரன் போக வேண்டும் என்று ஊரே கடையை அடைத்தது. வேலைக்குப் போகக்கூடாது என்று கொடி பிடித்தவர்கள் வந்து சொன்னார்கள். போகாவிட்டால் ஆற்றின் வாய் அடைபட்டுக் கிடக்கும், நட்ட நாற்றெல்லாம் அழுகும். கூட்டம் ஒரு முடிவுக்கு வந்தது. மணலை வெட்டுவோம், அது ஊருக்கு. அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டோம், அது அவனுக்கு. அப்படியே செய்தார்கள். மேஸ்திரி பெயரைக் கூப்பிடுவார். வரிசை பேசாமல் நிற்கும். அவர் வரவில்லை என்று எழுதுவார். அவர்கள் அவர் கண்ணெதிரே தண்ணீரில் இறங்குவார்கள். அந்த நாட்களுக்குக் கூலியில்லை, யாரும் கேட்கவுமில்லை. கூலியோடு அது முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். அதைவிடப் பெருமையான நாட்கள் அவர்கள் வாழ்க்கையில் வேறு இல்லை.

"இந்த சர்க்கார் வரணும்னுதாங்க வாயை மூடிக்கிட்டு நின்னோம்" என்றார் வைத்தியலிங்கம்.

சோமசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும்யா. ரூல்ல அதுக்கு எடமில்ல."

"மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சதுங்க?"

"அது அந்த சர்க்கார் வச்சிருந்த நிதி. எழுதிக் கேட்டிருக்கோம். பதில் வரல." மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "மத்தவங்களுக்குப் புதுசா வேலை குடுக்கிறதா உத்தரவு. முன்னால பாத்த வேலைக்குப் பாத்தியதை இல்லைன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள கைநாட்டு வைக்கணும். வைக்காதவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். உனக்கு வயசு தாண்டிப்போச்சு. உன்னைப் புதுசாச் சேர்க்க முடியாது."

வைத்தியலிங்கம் எழுந்து கும்பிட்டார். பழக்கத்தில் கை குவிந்துவிட்டது. வெளியே வந்த பிறகுதான் எதற்காகக் கும்பிட்டோம் என்று யோசித்தார்.

அவருடைய மனைவி காசியம்மா வரிச்சிக்குடியில் நடவை முடித்துவிட்டு முழங்கால் சேற்றோடு வந்தாள். அவர் சொன்னார். அவள் காலைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்தாள். அடுப்பு மூட்டவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் கம்பு கிடந்தது. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே போயிற்று. இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு, ஆறுதலாகச் சொல்ல ஒரு பொய்கூட அகப்படவில்லை.

"இந்த வருஷத்தோட நடவுக்குப் போறதை விட்டுடணும்னு இருந்தேன்" என்றாள் கடைசியில். "குனிஞ்சா நிமிர முடியல."

அவர் கம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்க கூட நின்னவங்க என்ன சொல்றாங்க?"

"தெரியல."

"போய்க் கேப்போம். எந்திரிங்க."

ஆற்றங்கரையில், வலை காயப்போடும் இடத்தில் கூட்டம் கூடியிருந்தது. எல்லோருக்கும் சேதி தெரிந்திருந்தது. நூகுதான் பேசிக்கொண்டிருந்தான். அதே வரிசையில் மண் வெட்டுபவன், வீட்டில் சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவன்.

"நான் கைநாட்டு வச்சுடப் போறேன். ஏசுறவன் ஏசிக்கட்டும். போனது போச்சு, வேலையாவது நிக்கும்ல?"

"அண்ணன்?" என்றான் கருப்பையன்.

"அண்ணனுக்கு ஆளாளுக்கு ஏதாச்சும் குடுப்போம்."

"பிச்சையா?"

நூகு தலையைக் குனிந்துகொண்டான்.

கருப்பையன் சுற்றிலும் பார்த்தான். "பென்சன் உள்ளவர் ஒருத்தர் இருக்காரே, அவர் குடுப்பாரு. என்ன பாய்? அன்னைக்கு நல்லா வாயைத் தொறந்து சொன்னீங்க. வாய் தொறந்தவுகளுக்குத்தானே சோறு."

சேக் பரீது தள்ளி, தண்ணீர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். மூத்த மகள் ஆரிபாவின் நிக்காஹ் அந்த மாதம். கூலி நின்றால் பேசிய சம்பந்தம் நின்றுவிடும் என்று பயந்துவிட்டார். மூன்று வருஷமாக அவர்கள் பக்கத்தில்தான் மண் வெட்டுகிறார். யாரும் அவரிடம் ஒரு பீடி கேட்டதில்லை. அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை கைநாட்டும் வைக்க வேணாம், தண்ணியில எறங்கவும் வேணாம்" என்றான் கருப்பையன். "பழைய சர்வீசு கணக்குல வரட்டும். அப்பத்தான் மண்வெட்டியைத் தொடணும்."

"ஆத்து வாய் பாதிதான் தொறந்திருக்கு" என்றான் நூகு. "மழை பிடிச்சுக்கிட்டா? ஊரான் வயலு என்னா பாவம் பண்ணுச்சு?"

இதற்குத்தான் அன்றைக்கும் பயந்தார்கள். வைத்தியலிங்கம் எழுந்து, எனக்காக வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். காசியம்மா முந்திக்கொண்டாள்.

"இன்னைக்கு நட்டுட்டு வந்தேன். இன்னும் ஈரம் காயல, பாருங்க." சேறு படிந்த கையை நீட்டினாள். "தண்ணி நின்னா மொதல்ல போவுறது என் வேலைதான். நாத்து அழுவிச்சுன்னா களையெடுப்பும் இல்ல, அறுப்பும் இல்ல. அது தெரிஞ்சுதான் சொல்றேன். அன்னைக்கு வயலுக்காக எறங்குனீங்க. வயலு ஒங்களுக்காக ஆபீசுல வந்து சாட்சி சொல்லிச்சா? நாளைக்கே நான் வரிச்சிக்குடி போறேன். ஒங்க வயலு முங்கக்கூடாதுன்னா ஆபீசுக்கு வாங்க, இவங்ககிட்ட வராதீங்கன்னு மிராசுக்காரங்ககிட்டச் சொல்றேன். அடிச்சாலும் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலையில் கடல் உள்வாங்கியிருந்தது. கூட்டம் மணலில் உட்கார்ந்திருந்தது. மண்வெட்டிகள் கரையில் குவிந்து கிடந்தன. நூகு கடைசியாக வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தான்.

ஜீப்பிலிருந்து சோமசேகரன் இறங்கினார். வானத்தைப் பார்த்தார். வடகிழக்கில் கறுத்திருந்தது.

"என்னய்யா இது? மழை வர்ற நேரம். ஊர் முங்கிப்போனா யாரு பதில் சொல்றது?"

"நீங்கதாங்க" என்றான் கருப்பையன். "நாங்கதான் வரவே இல்லையே. வராதவன் எப்படி மண்ணு வெட்டுவான்?"

யாரோ சிரித்தார்கள். சோமசேகரன் முகம் சிவந்தது.

"கைநாட்டு வைக்காதவன் எடத்துக்கு நாளைக்கே ஆள் வரும்." அவர் திரும்பினார். "பரீது, உன் சர்வீஸ்ல ஒரு குறையும் இல்ல. மேஸ்திரி வேலைக்கு உன் பேரைத்தான் எழுதப்போறேன். எழுந்து இறங்கு. நீ இறங்குனா நாலு பேர் இறங்குவான்."

சேக் பரீது எழுந்தார். ஒரு மண்வெட்டியை எடுத்தார். கருப்பையன் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பரீது அதை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஐயா, அந்தப் புரட்டாசியில எனக்குப் பின்னால கூடை வாங்கினது வைத்தியலிங்கம். எனக்கு முன்னால வெட்டினது நூகு. நான் பார்த்தேன். எழுதிக்கங்க, கைநாட்டு வக்கிறேன்."

"யோசிச்சுப் பேசு. மேஸ்திரி எழுதினது பொய்யின்னு ஆகும். அப்புறம் உன் பேருக்கு நேரே எழுதினதையும் நம்ப முடியாது. உன் பென்சனையும் விசாரிப்பாங்க."

பரீதுவின் உதடு காய்ந்திருந்தது. "விசாரிக்கட்டுங்க. இது இவங்க ஹக்கு. இவங்களுக்குச் சேரவேண்டியதை அல்லாவே எழுதி வச்சிருக்கான். எனக்குக் கிடைச்சு இவங்களுக்கு இல்லைன்னா, அந்தக் கஞ்சி எனக்கு எறங்காது."

மண்வெட்டியைக் குவியலில் திரும்ப வைத்தார். வைத்தியலிங்கத்தின் கட்டுப் போட்ட காலுக்குப் பக்கத்தில், ஈர மணலில் உட்கார்ந்தார்.

ஜீப் போய்விட்டது. என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. நாளை வேறு ஆட்கள் வரலாம், போலீசும் வரலாம். கடல் திரும்பி ஏறத் தொடங்கியது. நேற்று வெட்டிய பள்ளத்தை மணல் மெல்ல மூடிக்கொண்டு வந்தது.

"நாளைக்கு ஆள் கொண்டாந்தா?" என்று நூகு கேட்டான்.

"வர்றவனும் கூலிக்காரன்தானே" என்றார் பரீது. "நடந்ததைச் சொல்லுவோம்."

கருப்பையன் மடியிலிருந்து பீடியை எடுத்துப் பற்றவைத்தான். ஒரு இழுப்பு இழுத்தான். பிறகு, கடலைப் பார்த்தபடியே, அதைப் பரீதுவின் பக்கம் நீட்டினான்.